அத்தையின் குரல்வளை

என் மாமியார் லூர்தம்மாளுக்குக் குரல் கம்மத் தொடங்கியது காப்பிப் பழம் எடுக்கிற பருவத்தில். அதனால் நாங்கள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏற்காடு மலையிலிருக்கும் எங்கள் ஊர் வெள்ளக்கடையில் அந்த மாதங்களில் பனி இறங்கும். சரிவில் நின்று ஆட்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அத்தைக்குத் தொண்டை கட்டிக்கொள்வது வருடா வருடம் நடப்பதுதான். சுக்கும் மிளகும் தட்டிப் போட்டுக் குடிப்பார், இரண்டு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடாமல் இருப்பார், சரியாகிவிடும். அந்த வருடம் சரியாகவில்லை. கிறிஸ்துமஸ் போய், காப்பி காய்ந்து மூட்டை கட்டிய பிறகும் அவர் பேசுவது பழைய துணியைக் கிழிக்கிற மாதிரியே இருந்தது.

ஒருநாள் நான் அடுப்படியில் இருந்தபோது வெளியே யாரோ கை தட்டினார்கள். எட்டிப் பார்த்தால் அத்தை.

"எதுக்குங்கத்தை கை தட்டறீங்க? கூப்பிட்டா வர மாட்டனா?"

"கூப்புட்டேன் கண்ணு. உனக்குக் கேக்கல."

அவர் நின்றது வாசலில். நான் இருந்தது சுவருக்கு இந்தப் பக்கம். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

ஏன் பயம் என்று புரிய வேண்டுமானால் அந்தக் குரலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் மாமனாரை நான் பார்த்ததில்லை. எஸ்டேட்டில் காப்பிச் செடிக்கு நிழல் தரும் மரங்களில் கிளை கழிக்க ஏறியவர் சில்வர் ஓக் மரத்திலிருந்து விழுந்து இறந்துபோனார். அப்போது மூத்தவள் செலின் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். இளையவர், என் கணவர் சார்லஸ், கைக்குழந்தை. எஸ்டேட் கொடுத்திருந்த லைன் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்கள் என்று எல்லோரும் நினைத்திருக்க, அத்தை துக்கம் விசாரிக்க வந்தவர்களை அனுப்பிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு பழம் எடுக்கப் போயிருக்கிறார். எங்கள் மலையில் மூடுபனி இறங்கிவிட்டால் பக்கத்துச் செடியில் நிற்கிற ஆள் தெரியாது. பாதை தவறி ஓடைப் பக்கம் இறங்கிவிடுவார்கள். அத்தை மேலே நின்று ஒவ்வொருத்தியையும் பேர் சொல்லிக் கூப்பிட, அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே எல்லோரும் ஏறி வந்துவிடுவார்களாம். அதைப் பார்த்துத்தான் கணக்கு எழுதுகிற எஸ்டேட் ரைட்டர் அவரைப் பெண்களிடம் வேலை வாங்கும் மேஸ்திரியாக வைத்தார். வெள்ளக்கடையில் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வாங்கிக் காப்பி வைத்ததும், செலினைச் சேலத்தில் கட்டிக்கொடுத்ததும், சார்லஸுக்கு ஜீப் வாங்கிக் கொடுத்ததும் அந்த மேஸ்திரி வேலையில்தான்.

நான் ஆத்தூரிலிருந்து கல்யாணமாகி வந்தவள். வந்த புதிதில் விறகு பொறுக்கப் போய்ப் பனியில் திசை தெரியாமல் நின்று அழுதிருக்கிறேன். "பிரமிளா, அழுவாத. நின்ன எடத்துல நில்லு. இப்ப என்ற சத்தத்தப் பாத்து நட" என்று மேலேயிருந்து வந்த குரலை நம்பித்தான் கால் எடுத்து வைத்தேன். ஊரில் ஒரு பிள்ளைக்குப் பேர் வைப்பதென்றாலும், புருஷன் பெண்டாட்டி சண்டையென்றாலும் அத்தை வாசலுக்குத்தான் வருவார்கள். அவர் குரலை உயர்த்தினால் அதற்கு மேல் பேச்சு இல்லை.

அந்தக் குரல்தான் சுவரைத் தாண்டி வரவில்லை.

ஏற்காட்டில் ஒரு டாக்டர் கண்ணாடி வைத்துத் தொண்டையைப் பார்த்தார். "பொயலை போடுவீங்களாம்மா?" என்று மட்டும் கேட்டார். அத்தை எத்தனையோ வருடமாக வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர். பனியில் நிற்கிறவர்களுக்கு அது ஒரு சூடு. டாக்டர் சேலத்தில் ஒரு பெரிய மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

சேலத்தில் மூக்கு வழியாக மெல்லிய குழாய் ஒன்றை விட்டுப் பார்த்தார்கள். அதன் முனையில் விளக்கும் கேமராவும் இருக்கும். நாங்கள் பார்க்கும்படி டிவியில் தெரிந்தது. நல்ல குரல்வளையில் இரண்டு வெள்ளை நாடாக்கள் திறந்து மூடும். அத்தைக்கு ஒரு பக்கம் அசையவே இல்லை, அதன்மேல் காலிஃபிளவர் மாதிரி ஒன்று முளைத்திருந்தது. அதிலிருந்து அரிசி அளவுக்குச் சதை கிள்ளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அதற்குப் பெயர் பயாப்ஸி. பிறகு ஸ்கேன். ஒவ்வொன்றுக்கும் காத்திருக்க வேண்டும். அந்த ஹாலில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரையொருவர் "உங்களுக்கு எங்கேங்க?" என்று கேட்டுக்கொள்வார்கள். ஊரைக் கேட்கிறார்கள் என்று நினைத்து முதல்நாள் அத்தை "வெள்ளக்கடைங்க" என்றார். கேட்ட அம்மாள் சிரித்துவிட்டுத் தன் மார்பைத் தொட்டுக் காட்டினாள். உடம்பில் எந்த இடம் என்பதுதான் கேள்வி.

முடிவு வந்த அன்று டாக்டரம்மா எங்களை உள்ளே உட்காரவைத்தார். எதையும் சுற்றி வளைக்காதவர். தன் கழுத்தைத் தொட்டுக் காட்டியே விளக்கினார். மூச்சுப் போகிற வழியும் சாப்பாடு போகிற வழியும் பிரிகிற இடத்தில் குரல்வளை இருக்கிறது. புற்றுநோய் அங்கேதான். குருத்தெலும்பைத் தாண்டிவிட்டது. குரல்வளையை முழுசாக எடுத்துவிட்டு, மூச்சுக்குழாயின் முனையைக் கழுத்தின் முன்பக்கம் ஓட்டை போட்டுத் தைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு மூக்கிலும் வாயிலும் மூச்சு வராது. ஆயுசுக்கும் அந்த ஓட்டை வழியாகத்தான்.

"கரண்டு வெச்சாக் கரைஞ்சுடாதுங்களா?" என்றார் சார்லஸ். கதிர்வீச்சு சிகிச்சையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.

"ஆரம்பத்துலயே வந்திருந்தா அது போதும். இப்ப எடுத்துட்டு, அப்புறம் கரண்டும் வெக்கணும்."

அத்தை அதுவரை பேசவில்லை. "எடுத்துட்டா... பேச்சுங்?"

"இப்ப பேசற மாதிரி வராதுங்கம்மா. வேற வழியில பழகலாம். எல்லாருக்கும் வந்துடாது. வந்தாலும் தூரத்துல இருக்கிறவங்களைக் கூப்பிட முடியாது."

"எடுக்கலீன்னா?"

"மூச்சு அடைச்சுக்கும்மா. நொம்ப நாள் ஆகாது."

அத்தை தலையை ஆட்டினார்.

சேலத்தில் செலின் வீட்டில் தங்கினோம். அங்கேதான் சண்டை. செலினுக்கு அம்மா என்றால் உயிர். "எங்கம்மா ஊமையா உக்காந்திருக்கறத என்னால பாக்க முடியாது. கொல்லிமலையில வேர் மருந்து குடுக்கறாங்களாமா. ஜெபம் பண்ணலாம். கழுத்தறுக்க உடமாட்டேன்" என்று அழுதாள். சார்லஸ் இந்தப் பக்கமும் பேசினார், அந்தப் பக்கமும் பேசினார். என் கருத்தை யாரும் கேட்கவில்லை, மருமகள்தானே. இரண்டு நாள் இப்படிப் போனது. மூன்றாம் நாள் காப்பி குடித்துக்கொண்டே அத்தை டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏஞ்செலினு, உங்கப்பன் மரத்துல இருந்து உழுந்தப்ப என்னைய யாராச்சும் கேட்டாங்களா, உனக்கு இது வேணுமா வேண்டாமான்னு? இப்பவாச்சும் கேக்கறாங்க. நான் சொல்றேன். எடுக்கட்டும்."

"பேச்சு போயிருமேம்மா!"

"போனாப் போவுது. பேசறதுக்குன்னு ஆளிருக்கோணுமில்ல? மொதல்ல நான் இருக்கேன்."

அன்று மாலை சார்லஸ் செல்போனை எடுத்துக்கொண்டு அவரிடம் போய் உட்கார்ந்தார். "என்னத்தையாச்சும் பேசும்மா, பதிஞ்சு வெச்சுக்கறேன்" என்றார். அத்தை போனை ஒரு பார்வை பார்த்தார். "என்னத்தப் பேசறது? போயி ஜீப்புக்கு டீசல் போட்டுட்டு வா" என்றார். அவ்வளவுதான் பதிவானது.

அறுவை சிகிச்சை அன்று வராண்டாவில் எங்கள் ஆட்கள் நிறைந்துவிட்டார்கள். முதல் பஸ்ஸில் மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள், அத்தையோடு பழம் எடுத்த பெண்கள். பச்சை அங்கியில் ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து அத்தையைத் தள்ளிக்கொண்டு வந்தபோது எல்லோரும் சுற்றி நின்றோம். அதுதான் கடைசிப் பேச்சு என்று எல்லோருக்கும் தெரியும். செலின் அவர் கையைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். அத்தை வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து ஸ்ட்ரெச்சர் லிஃப்ட் கதவில் இடித்தது. அத்தை தலையைத் திருப்பித் தள்ளுகிறவரிடம், "பாத்துத் தள்ளு சாமி, கை நசுங்கீரப் போவுது" என்றார். கதவு மூடிக்கொண்டது.

செலினுக்கு அது வெகுநாள் ஆறவில்லை. "கடைசி வார்த்தையை எவனோ ஒருத்தனுக்குக் குடுத்துட்டுப் போச்சே" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். சார்லஸுக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அந்த வார்த்தை பிடித்திருந்தது. அவர் வாழ்ந்ததே அப்படித்தான்.

காலையில் உள்ளே போனவரைச் சாயங்காலம்தான் பார்க்கவிட்டார்கள். கழுத்து வீங்கியிருந்தது. காலர் எலும்புக்கு மேலே ஓட்டையில் வளைந்த குழாய், மூக்கில் கஞ்சி ஊற்றுகிற குழாய், தோளுக்குப் பக்கத்தில் ரத்தநீர் வடிகிற குழாய். மூச்சு விடும்போது ஓட்டையிலிருந்து ஒரு சத்தம் வரும், ஈரத் தரையில் செருப்பு உரசுகிற மாதிரி. சளி கட்டினால் நர்ஸ் மெல்லிய குழாயை உள்ளே விட்டு மெஷின் வைத்து உறிஞ்சி எடுப்பார். அப்போது அத்தையின் கண்ணில் நீர் தாரையாக ஓடும், ஆனால் சத்தம் வராது. சத்தமே இல்லாமல் இருமுகிற ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை.

இரண்டாம் நாள் ஒரு புது நர்ஸ் அட்டையும் பேனாவும் கொண்டுவந்து கொடுத்து, "வேணுங்கறதை எழுதிக் காட்டுங்கம்மா" என்றார். அத்தைக்குக் கையெழுத்து போடத் தெரியும், அதற்கு மேல் எழுத்து தெரியாது. அட்டையை வாங்கிப் பார்த்தார். பிறகு அதைக் கட்டிலுக்கு அந்தப் பக்கம் வீசிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அந்தத் திரும்பல் பல நாள் நீடித்தது. ஆஸ்பத்திரி நாட்களில் எனக்கு மிகக் கஷ்டமானவை அவைதான். புண் ஆறிக்கொண்டிருந்தது, டாக்டரம்மா திருப்தியாக இருந்தார். ஆனால் அத்தை யார் முகத்தையும் பார்க்கவில்லை. மலையிலிருந்து பெண்கள் முறை வைத்துக்கொண்டு வந்தார்கள். அவரால் சாப்பிட முடியாதென்று தெரிந்தும் ஆரஞ்சுப் பழத்தைத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்து போனார்கள். ராசாத்தி என்று ஒரு பெண், அத்தையிடம் வேலை பழகியவள். பழைய நூல் சேலைகளைக் கிழித்து, கழுத்து ஓட்டையை மறைத்துக் கட்டிக்கொள்ளத் துணிகள் தைத்துக் கொண்டுவந்தாள். அத்தையின் ஒவ்வொரு சேலைக்கும் பொருத்தமான நிறம். நான் அதைப் பிரித்துக் காட்டினேன். அத்தை திரும்பவில்லை.

பத்மா சிஸ்டர் என்று அந்த வார்டில் ஒரு மூத்த நர்ஸ் இருந்தார். குழாயைக் கழற்றிக் கழுவி மாட்ட எனக்குக் கற்றுக்கொடுத்தது அவர்தான். ஊருக்குப் போனபின் நாங்கள்தான் செய்ய வேண்டும். முதல் முறை குழாயை வெளியே எடுத்ததும் அந்த ஓட்டையைப் பார்த்தேன். உள்ளே சிவப்பாக, ஆழமாக, மூச்சுக்கு மூச்சு அசைந்துகொண்டிருந்தது. கழுவிய குழாயைத் திரும்ப வைக்கப் போனால் என் கை நடுங்குகிறது. வைக்கவே முடியவில்லை. அத்தை என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெடுக்கென்று என்னிடமிருந்து குழாயைப் பிடுங்கினார். பத்மா சிஸ்டரைப் பார்த்துக் கண்ணாடி வேண்டுமென்று சைகை காட்டினார். அதுவரை கண்ணாடியைத் தொட மறுத்தவர். தன் கழுத்தை நன்றாகப் பார்த்தார். பிறகு குழாயைத் தானே உள்ளே செலுத்தினார். இருமல் வந்தது, பொறுத்துக்கொண்டார், நாடாவைப் பின்கழுத்தில் முடிந்தார். என்னைப் பார்த்து உதட்டை அசைத்தார். "பயந்தாங்கொள்ளி" என்பது உதட்டசைவிலேயே எனக்குப் புரிந்தது.

அன்றிலிருந்து அவர் உதட்டைப் படிக்க நான் பழகினேன். அவர் என்ன சொல்கிறார் என்று மற்றவர்கள் என்னைக் கேட்க ஆரம்பித்தார்கள்.

தையல் ஆறிய பிறகு கரண்டு வைத்தார்கள். ஞாயிறு தவிர தினமும் போக வேண்டும். மெஷினுக்கு அடியில் அசையாமல் படுத்தால் போதும், வலி இல்லை. வலி பிறகு வரும். கழுத்துத் தோல் கருகியது, வாய் வறண்டது, எதை வைத்தாலும் மண் மாதிரி இருந்தது. செலின் பகலெல்லாம் இளநீரும் மோருமாக ஊட்டினாள். செலவில் பெரும்பகுதி அரசுக் காப்பீட்டு அட்டையில் கழிந்தது. மீதிக்கு என்ன செய்தாய் என்று சார்லஸை அத்தை சைகையில் கேட்டபோது, "உன்ற வேலை இல்லம்மா அது" என்று அவர் சொன்னார். வாழ்க்கையில் முதல்முறையாக அம்மாவுக்கு அப்படிப் பதில் சொன்னார்.

கரண்டு முடிந்ததும் டாக்டரம்மா ஒன்று சொன்னார். மூக்கு செய்கிற வேலை இனி கிடையாது. நாம் இழுக்கிற காற்றை மூக்குதான் சூடாக்கி, தூசியை வடிகட்டி அனுப்புகிறது. இவருக்குக் குளிர்காற்று நேராக நுரையீரலுக்குப் போகும், சளி கட்டிக் குழாய் அடைக்கும். கொஞ்ச காலம் கீழேயே இருந்தால் நல்லது. செலின் சந்தோஷமாக அறை ஒழித்துவைத்தாள். மறுநாள் காலையில் அத்தையைக் காணோம். தேடிப் பார்த்தால், தெருவில் நின்ற ஜீப்பில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ராசாத்தி தைத்த பச்சைத் துணி கழுத்தில்.

"எங்கம்மா கெளம்பிட்ட?" என்றாள் செலின்.

அத்தையின் உதடு ஒரே சொல்லைச் சொன்னது. "ஊடு."

அதை நான் சத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

டாக்டரம்மா சொன்னது நடந்தது. மலைக்குத் திரும்பி வந்த சில வாரங்களில், மழைக்காலத்து மதியம் ஒன்றில், நான் பின்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். யாரோ முதுகில் அடித்தார்கள். அத்தை. முகம் கறுத்து, கண் பிதுங்கி, இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஓட்டையிலிருந்து காற்று வரவில்லை. சார்லஸ் ஜீப்போடு ஏற்காட்டுக்குப் போயிருந்தார். கூப்பிட ஆளில்லை. அவரை அங்கேயே கல்லில் உட்காரவைத்து நாடாவை அறுத்துக் குழாயை வெளியே இழுத்தேன். குழாயின் முனை காய்ந்த சளியால் அடைத்திருந்தது. ஆனாலும் மூச்சு வரவில்லை, உள்ளேயும் அடைப்பு. ஓடிப்போய் மருந்துப் பையை எடுத்துவந்து, பத்மா சிஸ்டர் சொல்லிக்கொடுத்தபடி உப்புத் தண்ணீர் மருந்தை ஓட்டைக்குள் சொட்டுச் சொட்டாக விட்டு, "இருமுங்க அத்தை, இருமுங்க" என்று கத்தினேன். இருமினார். இரண்டாவது இருமலில் புளியங்கொட்டை மாதிரி ஒன்று ஓட்டை வாயில் வந்து நின்றது. இடுக்கியால் பிடித்து எடுத்தேன். காற்று உள்ளே போகிற சத்தம் கேட்டது. அதைவிட நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். மழை பெய்துகொண்டிருந்தது. நான் அழுதேன். அத்தை என் கையைத் தூக்கித் திருப்பிப் பார்த்துவிட்டு உதட்டை அசைத்தார். "நடுங்கல."

சார்லஸ் வந்து விஷயம் தெரிந்ததும் உடனே சேலம் போகலாம் என்றார். அத்தை தலையசைத்து மறுத்தார். அதற்குப் பதில் அறையில் தண்ணீர் கொதிக்கவைத்து ஆவி பிடிப்பதும், கழுத்துத் துணியை ஈரமாக்கிக் கட்டுவதும், குழாயை நேரத்துக்குக் கழுவுவதும் ஜெப நேரம் மாதிரி கட்டாயமாகிவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் குழாய் மாட்டக் கற்றுக்கொடுத்தோம். ராசாத்தியும் கற்றுக்கொண்டாள். அப்படி அடைத்துக்கொண்டது அந்த ஒருமுறைதான்.

அடுத்தது பேச்சு. கவிதா என்று ஒரு சின்னப் பெண், பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவர், மாதாமாதம் சோதனைக்குப் போகும்போது அத்தையை உட்காரவைத்துப் பழக்கினார். கழுத்தில் வைத்து அழுத்தினால் பேச்சாக வருகிற பேட்டரிக் கருவி ஒன்றை முதலில் காட்டினார். அத்தை அதைப் போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் உதட்டைப் படித்துச் சொன்னேன்: "ஒரு கை அதுக்கே போயிருமாம். பழம் எடுக்க ரெண்டு கையும் வேணுமாங்க."

இன்னொரு வழி, காற்றை விழுங்கி ஏப்பமாக வெளியே விடுவது. அந்த ஏப்பம் வரும்போதே நாக்கையும் உதட்டையும் அசைத்தால் பேச்சாகும். கேட்கச் சுலபம். அத்தைக்கு மாதக்கணக்கில் வரவில்லை. காற்று உள்ளே போகும், வெளியே வராது, வயிறு உப்பிக்கொள்ளும். வந்தால் வெறும் ஏப்பமாக வரும். தெருப்பிள்ளைகள் சிரித்தார்கள். அதனால் காலையில் தோட்டத்துக்குள் போய்க் காப்பிச் செடிகளுக்கு நடுவில் நின்று பழகுவார். நான் கூடப் போவேன். "பா" என்று ஒரு நாள் வந்தது. பிறகு பல நாள் எதுவும் வரவில்லை. விட்டுவிடுவார் என்று சார்லஸ் நினைத்தார். எனக்குச் சந்தேகமே இல்லை. மறுநாள் விடிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்துக் கை தட்டுவார்.

காப்பி பூத்தபோது சரிவு முழுக்க வெள்ளையாக இருந்தது. அத்தை ஒரு கிளையை வளைத்து மூக்கருகில் வைத்தார். மூக்கில் காற்று போகாததால் வாசனையும் தெரியாது. கிளையை மெதுவாக விட்டுவிட்டு மறுபடி "பா" பழக ஆரம்பித்தார்.

மிளகு பறித்த சமயத்தில் எப்போதும் வாங்குகிற வியாபாரி வந்தார். களத்தில் மூட்டையைத் தராசில் மாட்டினார். அத்தை எதிரே நின்றார். முன்பெல்லாம் அவர் எதிரே நின்றால் தராசு முள் நேராக நிற்கும். அன்றைக்கு அந்த ஆள் முள் நிற்குமுன்னே மூட்டையை இறக்கிவிட்டுச் சார்லஸிடம் எடையைச் சொன்னார். சார்லஸ் சரியென்று தலையாட்டப் போனார். அப்போது எங்களுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கரகரவென்று, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி, ஒவ்வொரு சொல்லாக.

"மறுபடி... போடு."

வியாபாரி திரும்பிப் பார்த்தார். அத்தை காற்றை விழுங்கினார்.

"முள்ளு... நிக்கட்டும்."

அந்த ஆள் மூட்டையைத் திரும்ப மாட்டினார். நானும் சார்லஸும் மிளகையும் மறந்து எடையையும் மறந்து அத்தையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு பேச்சு நிற்கவில்லை. மூன்று நான்கு சொல்லுக்கு ஒருமுறை காற்று விழுங்க வேண்டும், பக்கத்தில் இருந்தால்தான் கேட்கும். அதனால் எல்லோரும் அவருக்குப் பக்கத்தில் வந்தார்கள். பஞ்சாயத்துக்கு வந்தவர்கள் கத்துவதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார்கள். பழம் எடுக்கும் பருவத்தில் தோட்டத்துக்கு வந்தார், இரண்டு கையாலும் எடுத்தார். பல வருடம் அப்படி இருந்தார். எங்கள் மகள் ஜெனியின் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்றுப் பேசியது அவர்தான்.

இடையில் டாக்டரம்மா ஒருமுறை கேட்டுக்கொண்டதால், குரல்வளை எடுக்கப் பயப்படுகிறவர்களைப் பார்க்க வார்டுக்குப் போய்வர ஆரம்பித்தார். போனால் அறிவுரை எதுவும் சொல்ல மாட்டார். கழுத்துத் துணியை அவிழ்த்து ஓட்டையைக் காட்டுவார். பக்கத்தில் உட்கார்ந்து கொண்டுபோன இட்லியைச் சாப்பிட்டுக் காட்டுவார். ஊர், பிள்ளைகள், என்ன வேலை என்று விசாரிப்பார். அவ்வளவுதான்.

போன வருடம் பழம் எடுத்துக்கொண்டிருந்தவர் செடிக்கடியில் உட்கார்ந்தார், நெஞ்சு வலி. சார்லஸ் ஜீப்பை எடுத்து மலையிறங்கி முடிப்பதற்குள் போய்விட்டார். புற்றுநோய் திரும்ப வரவில்லை. இதயம்தான். என் மடியில்தான் தலை இருந்தது. அடக்கத்தன்று செலின் ராசாத்தியைக் கூப்பிட்டுப் புதிதாக ஒரு வெள்ளைத் துணி தைக்கச் சொல்லி அம்மாவின் கழுத்தில் கட்டினாள்.

சில மாதம் கழித்துப் பத்மா சிஸ்டர் போன் செய்தார். அவருக்கு விஷயம் தெரியாது. "லூர்தம்மாவை நாளைக்கு அனுப்ப முடியுங்களா? ஒரு அம்மா ஆபரேஷன் வேண்டாம்னு பையைக் கட்டிட்டு உக்காந்திருக்காங்க" என்றார். அத்தை இறந்துபோனதைச் சொன்னேன். "சரிங்க பிரமிளா, மன்னிச்சுக்குங்க" என்று வைக்கப் போனார்.

"நான் வர்றனுங்க சிஸ்டர்" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது. எனக்குக் காட்டுவதற்குக் கழுத்தில் ஓட்டைகூட இல்லை.

அந்த அம்மாள் பெயர் செல்லம்மாள். சேலம் மார்க்கெட்டில் பழம் விற்கிறவர். நான் போனபோது கட்டிலில் பையை அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் புருஷன் பக்கத்தில் ஸ்டூலில். அத்தையைப் பற்றி எல்லாம் சொன்னேன், இங்கே எழுதியிருப்பதைப் போல. அட்டையை வீசியது, குழாய் அடைத்தது, மிளகு எடை. அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"செத்துப்போனது இதாலயா?" என்று கேட்டார். கம்மின குரல்.

"இல்லீங்க. நெஞ்சு வலி. பழம் எடுத்துட்டு இருந்தாங்க."

"அத்தனை வருசமும் பேசுனாங்களா?"

"பேசுனாங்க. பக்கத்துல நின்னாக் கேக்கும்."

அவர் புருஷனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து குரலை இன்னும் தாழ்த்தினார். "அந்தக் குரல்ல... சண்டை போட முடியுமாங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் வந்தது. "நல்லாப் போடலாமுங்க. நிறுத்தி நிறுத்தி வர்றதால எதிராளுக்குப் பதில் சொல்லத் தைரியமே வராது. நான் பத்து வருசம் வாங்கியிருக்கேன்."

செல்லம்மாள் மடியிலிருந்த பையை எடுத்துப் புருஷனிடம் நீட்டினார். "இதைக் கட்டிலுக்கு அடியில வை" என்றார். பத்மா சிஸ்டர் பக்கம் திரும்பி, "எப்பலேருந்துங்க சாப்புடக் கூடாது?" என்று கேட்டார்.